கலியனின் கன்னத்தில் ஒரு புரதம்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதை மறைக்கத்தான் முதலில் இப்படித் தொடங்கினேன்: "தொண்ணூற்றெட்டின் கோடையில், மோதி பாக் வேப்பமரங்கள் எல்லாம்..."

(அடித்துவிட்டேன். வாய்க்குள் புண் அழுகும் மனிதரை வைத்துக்கொண்டு மரத்தை யார் பார்த்தார்கள்?)

நேராகவே சொல்கிறேன். நாட்டின் தலைநகரில் எங்கள் வீட்டில் வேலை செய்த சந்திரம்மாளின் கணவர் கலியன். கட்டடங்களில் கம்பி கட்டுபவர். உள்கன்னத்தில் புற்று. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கட்டியை வெட்டியெடுத்துவிட்டார்கள்; அடுத்து கதிர்வீச்சு. அதற்கு நாள் கேட்கப் போனோம். இருவருக்கும் சந்தை ஹிந்தி தெரியும், டாக்டர்களின் ஆங்கிலம் தெரியாது. அதனால் நானும் போனேன்.

2

கதிர்வீச்சுத் துறையின் டாக்டர் ஜ்யோத்ஸ்னா இங்கேயே சரோஜினி நகரில் வளர்ந்த தமிழ்ப்பெண்.

"ஆன்ட்டி, நான் தமிழ் பேசுவேன். பட் இதெல்லாம் சொல்ல வராது. நீங்க சொல்லிடுங்க, ப்ளீஸ்."

"எதை?"

வெட்டியெடுத்த கட்டிகளில் பி-53 என்ற புரதத்தை அவள் துறை ஆராய்ந்துகொண்டிருந்தது. அது மிகுந்தவர்களுக்குப் புற்று திரும்ப வருமா என்பதுதான் கேள்வி. சாயமேற்றிப் பார்த்தபோது கலியனின் திசு கரும்பழுப்பாகியிருந்தது; அந்தப் புரதம் மிகுதி என்று அர்த்தம்.

"மெஷின் ஒண்ணுதான் ஆன்ட்டி. லைன் ரொம்ப லம்பா, நீளமா இருக்கு. அதனால சார் சொல்றார், இவரை வெயிட்டிங்ல வச்சிட்டு, சான்ஸ் இருக்கறவங்களை முதல்ல..."

(அவள் முடிக்காத வாக்கியம். நானும் முடிக்கப்போவதில்லை.)

3

ஜ்யோத்ஸ்னாவைக் கொடியவளாக எழுதிப் பார்த்தேன். கதைக்கு வசதி. ஆனால் பேசும்போது அவள் கலியனைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டாளே, அதை எங்கே ஒளிப்பது?

"என்னம்மா சொல்லுது அந்தப் பொண்ணு? எப்பக் கரண்டு வைப்பாங்களாம்?" என்றாள் சந்திரம்மாள். கதிர்வீச்சுக்கு நம் ஊர்ப்பெயர் அது.

நான் டாக்டர் பக்கம் திரும்பினேன். "ஜ்யோத்ஸ்னா, உங்க ஆராய்ச்சி முடிஞ்சிடுத்தா?"

"இன்னும் இல்ல."

"அந்தப் புரதம் இருக்கறவா எல்லாரும் போயிட்டாளா?"

"நோ நோ. சில பேர் நன்னா இருக்காங்க."

"அப்போ எதை வச்சு இவரைத் தள்றேள்? நான் சொல்ல மாட்டேன். உங்க சாரே வந்து இவர் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லட்டும்!"

கத்தினேன். நடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள்.

கலியன் எழுந்தார். 'வெயிட்டிங்' என்ற சொல் அவருக்குப் போதுமாயிருந்தது. நேரே துறைத்தலைவரின் அறைக்குள் போய் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். கட்டுப் போட்ட வாயால் பேச முடியவில்லை.

"க்யா ஹை?" - என்ன வேண்டும் என்று ஹிந்தியில் சீறினார் தலைவர்.

பின்னாலேயே ஓடிய ஜ்யோத்ஸ்னாதான் ஆங்கிலத்தில் சொன்னாள்: "சார், என்னால் இவரிடம் இதைச் சொல்ல முடியாது. நீங்கள் சொல்லுங்கள்."

தலைவர் கலியனைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். சொல்லவில்லை. அடுத்த திங்கட்கிழமைக்கு நாள் கொடுத்தார்.

4

கலியன் பிழைத்தாரா என்று பத்திரிகை ஆசிரியர் கேட்கிறார். இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அவர் மெட்ரோ தூண்களுக்குக் கம்பி கட்டுகிறார். (புரதம் பொய் என்று கைதட்டுவீர்கள்.) இன்னொன்றில் சந்திரம்மாள் தனியாக ஊருக்கு ரயில் ஏறுகிறாள். (டாக்டர் சரியாகத்தானே சொன்னார் என்பீர்கள்.)

எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். வேண்டுமானால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் எழுதுமுன் எனக்கு ஒன்று சொல்லுங்கள்: அன்று அவரை வரிசையிலிருந்து தள்ளப் பார்த்தது அநியாயம் என்று நீங்கள் ஒப்புக்கொள்ள, அவர் உயிரோடு இருந்தே ஆகவேண்டுமா?