துளையில் தண்ணீர் வருகிறதா

…தானாக நின்றுவிட்டது என்று சொல்ல முடியாது, அவளேதான் நிறுத்தினாள், படகு மோட்டாரின் பின்பக்கத் துளையிலிருந்து நூல்போல் பீய்ச்ச வேண்டிய, சூடு தணிக்கிற தண்ணீர் வரவில்லை, கருகல் வாடை வேறு, இன்னும் கொஞ்சம் ஓட்டியிருந்தால் பழைய இரும்புக்குத்தான் போட்டிருக்க வேண்டும். படகு நிறையக் குடிதண்ணீர்க் கேன்கள், சுற்றிலும் வாயில் வைக்க முடியாத உப்புத் தண்ணீர், இரண்டு கரையும் ஒரே தூரத்தில். துளையில் கம்பி விட்டுக் குத்தினால் போதும், சேறு அடைத்திருக்கும். தெரியும். தெரிந்தும் கை கம்பியைத் தேடாமல் இடுப்பில் செருகியிருந்த ஃபோனைத் தேடுகிறதே, அது ஏன்?

கட்டியவன் இன்னொருத்தியோடு போனபோது துணிமணியை எடுத்துக்கொண்டான், ரேடியோவை எடுத்துக்கொண்டான், படகையும் மோட்டாரையும் விட்டுவிட்டான். உனக்குச் சோறு போடும், வெச்சுக்க என்றான், பெரிய தர்மப் பிரபு… ஊரில் அதற்கும் அவனைத்தான் மெச்சினார்கள். அப்போதே அது கிழட்டு மோட்டார். கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை கழன்ற ஒரு நாளில்தான், வேறு வழியில்லாமல், முதன்முதலாக அவனை ஃபோனில் கூப்பிட்டாள். ஸ்பார்க் பிளக்கக் கழட்டு, நனைஞ்சிருக்கா, தொடச்சு மாட்டு. அவ்வளவுதான் பேச்சு. எப்படி இருக்கிறாய் என்று அவன் கேட்கவில்லை, ஏன் போனீர்கள் என்று அவளும் கேட்கவில்லை. அடுத்த முறை, பெட்ரோல்ல ஆயில் சரியா கலந்தியா… சேர்ந்து வாழ்ந்த காலத்தில்கூட அவன் அத்தனை பொறுமையாகப் பேசியதில்லை. எத்தன நாளைக்குத்தான் இதுக்கு வைத்தியம் பாப்பீங்க, புதுசா ஒண்ணு போடுங்கக்கா என்று கரையிலிருக்கும் மெக்கானிக் தலையில் அடித்துக்கொள்கிறான். புதுசு என்றால் பழுதாகாதே… நினைத்ததும் அவளுக்கே வெட்கமாக இருந்தது, இந்த வயதில், தூ.

அவன் எண்ணை அழுத்தினாள், மணி அடித்தது. எடுத்தது அவன் இல்லை. "அவரு ஃபோன வீட்லயே வெச்சிட்டு வேலைக்குப் போயிட்டாருக்கா. மோட்டார்னு பேரு வந்துச்சு, அதான் நீங்கன்னு எடுத்தேன்." மோட்டார். அப்படியா எழுதி வைத்திருக்கிறான்… சிரிப்பதா அழுவதா? அவனோடு போனவளின் குரலை அவள் கேட்டதேயில்லை, கற்பனையில் அது குழைந்து மினுக்கும், இதுவோ சளி பிடித்த சாதாரணக் குரல். வைத்துவிடலாம் என்று விரல் போனது, அதற்குள், "தண்ணி வரலியா அந்தத் துளையில?" இவளுக்கு எப்படித் தெரியும்… சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து இதையெல்லாம் சொல்கிறானா, சிரித்துக்கொண்டா, பாவம் என்றா?

"வரல," என்றாள்.

"கம்பி விட்டுக் குத்தணும்னு சொல்லுவாரு. எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதான்." கொஞ்சம் நிறுத்தி, "தண்ணி நடுவுல தனியாவா இருக்கீங்க?"

தனியாகவா… அவன் ஒரு நாளும் கேட்டதில்லையே, எங்கே நிற்கிறாய், கூட யார், காற்று எப்படி என்று. ஆமா என்றாள்.

"அப்ப வெக்காதீங்க. ஸ்டார்ட் ஆகற வரைக்கும் நான் லைன்லயே இருக்கேன்."

ஃபோனைக் கேன் மேல் வைத்துவிட்டுக் குத்தினாள், கறுப்பாய்ச் சேறு வந்தது, கயிற்றை இழுத்தாள், இருமியது, மறுபடி இழுத்தாள், புகை, உறுமல், துளையில் முதலில் சூடாய்ச் சொட்டி அப்புறம் ஒழுங்காய்ப் பீய்ச்சியது. வந்துடுச்சாக்கா? வந்துடுச்சு. சரி, பாத்துப் போங்க. அங்கே ஃபோனை வைத்துவிட்டாள்.

அந்த இன்னொருத்திமேல் ஒரு கோபம் இருந்தது, இத்தனை வருடமாக வேண்டும்போதெல்லாம் கைக்கு எட்டிய கோபம், இப்போது தேடினாள், எங்கே போய்த் தொலைந்தது… அடுத்த தடவை நிற்கும், நிற்காமல் இருக்காது, அப்போது மணி அடிக்கையில் யார் எடுக்க வேண்டும் என்று இந்த மனம் கிடந்து தவிக்கும்? அக்கரையில் கேனுக்குக் காத்திருந்தவர்கள் கையை ஆட்டினார்கள். அவள் வேகத்தைக் கூட்டவில்லை.