பீச் மரத்துப் புழு

வலி நின்றுவிட்டதே என்று நிம்மதியாக இருந்தேன் பாருங்கள், அதுதான் நான் செய்த பெரிய முட்டாள்தனம்.

சனிக்கிழமை எங்கள் தோப்பில் பீச் பழம் பறித்துக் களைத்துப்போன என் வீட்டுக்காரர் ஜெலிந்தோ, சட்டையைக் கழற்றிவிட்டு மரத்தில் சாய்ந்து, சுரைக் குடுவையில் மாத்தே இலைத் தேநீர் உறிஞ்சிக்கொண்டிருந்தார். திடீரென்று அலறித் துள்ளினார். முதுகு தீப்பட்டதுபோல் சிவந்திருந்தது. பட்டையோடு பட்டையாகப் புழுக் கும்பல் ஒன்று அப்பிக் கிடந்தது. உடம்பெல்லாம் கிளை கிளையாக முள். புழு பட்டால் எங்கள் மலையில் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். முதுகில் கரும்புச் சாராயம் தடவினேன். புழுக்கள்மேல் மண்ணெண்ணெய் ஊற்றி ஒன்றுவிடாமல் கொளுத்தினேன். கோபம் வந்தால் என் கை சும்மா இருக்காது.

மறுநாள் வலி நின்று, ஆள் மரக்குண்டு உருட்டி விளையாடப் போய்விட்டார். திங்கள் காலையில் வாய் கொப்பளித்தால் ரத்தம்.

"ஈறுதாண்டி. பிரஷ் புதுசுல்ல."

"மூத்திரம் கருங்காப்பி மாதிரி இருக்கே, அதுக்கும் பிரஷ்தான் காரணமா? ஏறுய்யா வண்டியில!"

வாய்தான் அதட்டியது. சாவி துவாரத்தில் நுழைய மூன்று தடவை ஆயிற்று.

ஊர் ஆஸ்பத்திரியில் டாக்டர் க்ளெசி ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

"ரத்தம் உறையவே இல்லம்மா. புழு பட்டுச்சுன்னு சொல்றாரு. எந்தப் புழு? கொண்டு வந்தீங்களா?"

"கொளுத்திட்டேன் டாக்டர்."

அவர் கண்ணை மூடித் திறந்தார். "பட்டுப்பூச்சி இனத்துல ஒண்ணு இருக்கு. அதோட புழுன்னாதான் ரத்தம் இப்படி ஆகும். ஆனா எலி மருந்து உள்ள போனாலும் இப்படித்தான் ஆகும். புழு விஷத்துக்கு மாத்து மருந்து நகரத்துல கொஞ்சம்தான் இருக்கு. புழுவ நான் கண்ணால பார்த்தாத்தான் தருவாங்க. அந்த மருந்தையே அந்தப் புழு முள்ள வச்சுத்தான் செய்றாங்க. ஆளாளுக்குக் கொளுத்தினா எங்கேருந்து வரும்?"

"இப்ப இவருக்கு என்ன ஆகும்?"

"மூளையில ரத்தம் கசியறதுக்குள்ள மருந்து போட்டாகணும்."

நான் எரித்தது என் வீட்டுக்காரருடைய மருந்தை. வழியெல்லாம் என்னை நானே திட்டிக்கொண்டு தோப்புக்கு வண்டியை விரட்டினேன்.

கொளுத்திய மரத்தில் கரிதான் இருந்தது. மற்ற மரங்கள் நாற்பதுக்கு மேல். எத்தனை வருஷம் இவற்றில் சாய்ந்திருப்பேன்! இப்போது ஒவ்வொரு அடிமரத்தையும் சுற்றி வளைத்துத்தான் நெருங்கினேன். ஒரு கையில் ஊறுகாய் ஜாடி, ஒரு கையில் குச்சி. கிட்டப் போய்ப் பார்த்தால் எல்லாமே பட்டையாகத் தெரிந்தது. மணி பதினொன்று, பன்னிரண்டு. இந்நேரம் அவருக்குத் தலை வலிக்கத் தொடங்கியிருக்குமோ? வேலியோரத்து மரத்தில் வேர்ப்பக்கம் குனிந்து பார்க்க, ஜாடியைக் கீழே வைத்துவிட்டுப் பிடிமானத்துக்குக் கையை நீட்டினேன். என் உள்ளங்கைக்கு நாலு விரற்கடை தூரத்தில் பட்டை நெளிந்தது.

அப்படியே பின்னால் விழுந்தேன். ஓடிவிடத்தான் தோன்றியது. ஆனால் எழுந்து, குச்சியால் மூன்றைத் தள்ளி ஜாடிக்குள் போட்டேன்.

ஜாடியைப் பார்த்ததுமே டாக்டர் போனை எடுத்தார். சாயங்காலம் மருந்து வந்து சேர்ந்தது. சொட்டுச் சொட்டாக ஏறியது. எதற்கும் நக்கல் பேசுகிற மனிதர் கூரையைப் பார்த்தபடி கிடந்தார். கை பிடித்த இடமெல்லாம் ஊதாவாகக் கன்றியதால் நான் அவரைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டே விடிய விடிய உட்கார்ந்திருந்தேன்.

காலையில் டாக்டர் ஒரு கண்ணாடிக் குழாயில் ஜெலிந்தோவின் ரத்தத்தை எடுத்து, கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். பத்து நிமிஷம். பிறகு, உறைந்திருக்கிறதா என்று பார்க்க, குழாயைத் தலைகீழாகக் கவிழ்த்தார். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"நொயேமி," என்றார் ஜெலிந்தோ. "கண்ணத் தொறடி. அது ஓடல."

திறந்தேன். அடியிலேயே கெட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"டாக்டர்," என்றேன், கட்டில் கம்பியிலிருந்து கையை எடுத்து, "இப்ப அவர் கையப் பிடிக்கலாமா?"