குலுக்காத தோள்

வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்டே. பின்னால் இருப்பவர்கள் அப்படியே நகர்ந்து வாருங்கள். காலை நீட்டிக்கொண்டால் ஒன்றும் குறைந்துவிடாது. இன்றைக்கு உங்களுக்கு ஒரு தோளின் கதை சொல்லப் போகிறேன். அதைக் குலுக்கச் சொல்லி ஊரே கேட்டது, ஒருத்தி மாட்டேன் என்றாள். கதை இவ்வளவுதான். ஆனால் அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை.

அவள் நடனம் அமைக்கிறவள். மேடைக்கும் அமைப்பாள், சினிமாவுக்கும் அமைப்பாள். சினிமாவில் அந்த வேலை பார்ப்பவர் ஆணோ பெண்ணோ, மாஸ்டர்தான். ஆகவே இவளும் மாஸ்டர். சினிமா வயிற்றுக்கு, மேடை மனசுக்கு என்று பிரித்து வைத்திருந்தாள். இரண்டும் மோதிக்கொள்ளாத வரைக்கும் பிழைப்பு ஓடியது.

அவள் அப்பா ஒரு பக்கம் செயலிழந்து படுத்தபோது அவளும் தம்பியும்தான் பார்த்துக்கொண்டார்கள். தம்பி லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன்.

"பகல் பூரா லிஃப்டோட மல்லுக்கட்டு, வீட்டுக்கு வந்தா உங்களோட" என்று அலுத்துக்கொள்வான்.

அப்பா விடமாட்டார். "லிஃப்டாவது நடுவுல நிக்கும். நீ என்னைக் கீழயே போட்டுடுவடா."

கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது அவள் முன்னால் நின்று அவரை அணைத்துக்கொள்வாள். தம்பி பின்னாலிருந்து இடுப்பைப் பிடிப்பான். அப்பாவின் தலை அவள் தோளில் வந்து சாயும். அங்கே நிற்க வேண்டும். அவர் மூச்சு சமனாகும் வரை அந்தத் தோள் அசையக்கூடாது. அசைந்தால் தலை சரியும், அவர் பயந்துபோவார், மூன்று பேரும் சேர்ந்து கட்டிலில் விழவேண்டியதுதான். மூச்சு அடங்கியதும் மெல்லத் திருப்பி நாற்காலியில் இறக்குவாள்.

அப்பா போன பிறகும் அவள் உடம்பு அதை மறக்கவில்லை. அதையே மேடை நடனமாக்கினாள். தூக்குகிறவர் ஒருவர், தூக்கப்படுகிறவர் ஒருவர், ஒரு நாற்காலி. பார்க்க வந்தவர்களை ஒரே வேனில் ஏற்றிவிடலாம். அவர்களில் ஒருவர் சினிமா இயக்குநர்.

"மாஸ்டர், இது அப்படியே என் படத்துல வரணும். ஒரு அசைவைக்கூட மாத்தமாட்டேன்."

யாரும் பார்க்காத ஒன்றை ஊரே பார்க்கும் என்ற ஆசையில் தலையாட்டினாள். படத்தில் அது காதல் பாட்டு ஆனது. மயங்கிய காதலியைக் காதலன் தாங்குகிறான், தலை தோளில் சாய்கிறது, அதுவும் அன்புதானே என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

படப்பிடிப்பில் கதாநாயகன், தலை சாய்ந்த இடத்தில் அடுத்தது என்ன என்பதை மறந்துவிட்டான். முழித்தான். இரண்டு தோளையும் குலுக்கிக் கேமராவைப் பார்த்துக் கண்ணடித்தான். கதாநாயகியின் தலை பந்து மாதிரி எகிறியது.

"ஓகே!" என்று கத்தினார் இயக்குநர்.

"சார், அவரு மறந்துட்டாரு. இன்னொரு தடவை எடுங்க."

"மறந்ததா? மாஸ்டர், பாட்டோட உயிரே அதுதான்!"

கதாநாயகன் பெருந்தன்மையாகச் சொன்னான்: "எல்லாம் நீங்க சொல்லிக் குடுத்தது மாஸ்டர். நான் சும்மா உப்பு மட்டும் போட்டேன்."

பாட்டு வெளியாகி, ஊரெல்லாம் அந்தக் குலுக்கல்தான். மருந்துக்கடைக்காரர் மாத்திரையை நீட்டிக்கொண்டே தோளைக் குலுக்கினார். பல் டாக்டர் அவள் வாயில் பஞ்சை அடைத்துவிட்டு, "நீங்கதானே அது?" என்று குலுக்கிக் காட்டினார். திட்டக்கூட வழியில்லை.

அப்போதுதான் ஒரு பெரிய அரங்கின் மேலாளர் அழைத்தார். அவளுடைய மேடை நடனம் வேண்டுமாம், டிக்கெட் தீர்ந்துவிட்டதாம். பூரித்துப்போய் ஓடினாள். வாசலில் சுவரொட்டி. தோளைத் தூக்கிக் கண்ணடிக்கும் ஒரு படம், கீழே அவள் பெயர்.

"இந்த ஆட்டத்துல இது கிடையாதுங்க" என்றாள்.

"அது இல்லாம எப்படிம்மா? ஒரே ஒரு தடவை குலுக்குங்க, போதும். அடுத்த மாசமும் அரங்கம் உங்களுக்குத்தான்."

ஒத்திகையில் அவள் குழுவிலும் அதே பாட்டு. தூக்குகிறவனாக ஆடும் நெட்டையன் கெஞ்சினான்: "மாஸ்டர், நான் குலுக்கலைன்னா எங்க அத்தையே எந்திரிச்சுப் போயிடுவாங்க."

பெரிய மேடை, நிறைந்த சபை. இதற்குத்தானே இத்தனை வருஷம் ஏங்கினாள்? "சரி, செஞ்சு பாரு" என்றாள். நெட்டையன் குலுக்கினான். தூக்கப்படுகிறவனாக ஆடும் ஒல்லி, தாடை இடித்து நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அழைத்துப்போக வந்திருந்த தம்பி ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவனாவது தன் பக்கம் பேசுவான் என்று எதிர்பார்த்தாள்.

"பண்ணிட்டுப் போயேன்க்கா. உனக்குத்தான் அது அப்பா. அவங்களுக்கு அது பாட்டு."

"நீயுமாடா?"

"நானும் தூக்கினவன்தான். எனக்கு அதைத் திரும்பப் பாக்கவே பிடிக்கலை. சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க."

அவளுக்குச் சுருக்கென்றது. நெட்டையனைப் பார்த்து, "நீ உக்காரு. நான் ஆடறேன்" என்றாள்.

"மாஸ்டர், உங்க முட்டி தாங்குமா?"

"முட்டி என் கவலை."

நிகழ்ச்சி அன்று சபை நிரம்பி வழிந்தது. ஒல்லியைத் தூக்கினாள். முட்டி கத்தியால் கீறினாற்போல் வலித்தது. அவன் தலை தோளில் சாய்ந்ததுமே கைதட்டல் எழும்பியது. எல்லோருக்கும் தெரியும், இதுதான் இடம். ஒரு குரல், "குலுக்கு!" என்றது. பத்துக் குரல் சேர்ந்துகொண்டது. இருக்கைகளிலேயே சிலர் குலுக்கிச் சிரித்தார்கள்.

அவள் நின்றாள். ஒத்திகையில் நின்றதைவிட அதிக நேரம் நின்றாள். கைதட்டல் பிசுபிசுத்தது. யாரோ சலித்துக்கொண்டார்கள். நாற்காலிகள் மடங்கும் சத்தம் கேட்டது.

தோளிலிருந்து ஒல்லி முணுமுணுத்தான்: "மாஸ்டர், எந்திரிச்சுப் போறாங்க."

"போகட்டும். நீ தலையைத் தூக்காத."

அவன் மூச்சு படபடத்தது. அது அடங்கும் வரை காத்திருந்து, மெல்லத் திருப்பி நாற்காலியில் இறக்கினாள். விளக்கு வந்தபோது பாதி அரங்கம் காலி. இருந்தவர்களும் ஏமாந்த முகத்தோடுதான் தட்டினார்கள். அடுத்த மாதத்தைப் பற்றி மேலாளர் பேச்சே எடுக்கவில்லை.

வாசலில் தம்பி நின்றான். அவள் பையை வாங்கிக்கொண்டான். வண்டி கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் சொன்னான்:

"இறக்கும்போது அவன் இடுப்பைப் பிடிக்க ஆளில்லை. பின்னாடி ஒருத்தர் வேணும்க்கா."

"வேணும்தான். யார் இருக்கா?"

அவன் சாலையைப் பார்த்து ஓட்டினான். அவள் வலிக்கிற முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீட்டில் முடியாமல் படுத்தவர் எழுந்து நடக்கட்டும். அவரைத் தூக்குகிறவர்களின் இடுப்புவலி தீரட்டும். அக்கா தம்பிக்குள் கோபம் வந்தாலும் ஒரே வண்டியில் வீடு போய்ச் சேரட்டும். எல்லோரும் நன்றாக இருங்கள்.