வெளியே நில்லு, ஆனா போயிடாத

யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் எனக்குச் சிறுநீர் வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இதையெல்லாமா கதையில் சொல்வது என்று முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும். என் மகள் என்னோடு இருப்பாளா மாட்டாளா என்பதே ஒரு பிளாஸ்டிக் கோப்பையில் வந்து நின்றபோது எனக்கு வெட்கப்பட நேரமில்லை.

எங்கள் மறுவாழ்வு வீட்டில் மொத்தம் பத்துப் பெண்கள். போதையை விட்டவர்கள் என்று வெளியே சொல்வார்கள். விட்டுக்கொண்டிருப்பவர்கள் என்று நாங்கள் சொல்வோம். என்னுடையது மாத்திரை. துணி இஸ்திரி போடும் வேலையில் முதுகு போயிற்று. டாக்டர் வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். முதுகு சரியான பிறகும் மாத்திரை என்னை விடவில்லை. கீழ்த்தளத்தில் எங்களைப் போன்ற தனி ஆட்களுக்கான அறைகள். அறைக்கு இரண்டு கட்டில், ஒரே அலமாரி. மாடியில் நான்கு குடும்ப அறைகள். அங்கே அடுப்பு உண்டு, உள்ளே தாழ்ப்பாள் உண்டு, குழந்தையை வைத்துக்கொள்ளலாம். ஆறு மாதம் எல்லாப் பரிசோதனையும் சுத்தமாக வந்தால்தான் மாடி. மூன்றாம் எண் அறையை எனக்கென்று ஒதுக்கியதுமே ஓடிப்போய் அங்கே சின்னக் கட்டிலில் மஞ்சள் போர்வை விரித்துவிட்டேன். அண்ணி என்னை அவசரக்குடுக்கை என்பது சும்மா இல்லை.

அந்த அண்ணியிடம்தான் என் மகள் இரண்டு வருடமாக வளர்கிறாள். ஆறு வயது. அண்ணி கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், திட்டியாவது தீர்த்திருப்பேன். அண்ணனுக்கு வேறு நாட்டில் வேலை கிடைத்துவிட்டது. மூன்று வருட ஒப்பந்தம். இருபத்தெட்டாம் தேதி கிளம்புகிறார்கள். அதற்கு முந்தின புதன்கிழமை பதினொரு மணிக்குக் குழந்தைகள் நலக் குழு கூடி, மகள் என்னிடம் வரலாமா என்று சொல்லும். கூடாது என்றால் அவர்களோடு விமானம் ஏறிவிடுவாள்.

"நான் ஒண்ணும் அவளை உன்கிட்டேருந்து பிடுங்கிட்டுப் போகல," என்றாள் அண்ணி போனில். "இங்க விட்டுட்டுப் போக எனக்கு ஒரு காகிதம் வேணுமில்ல? அத வாங்கிக் குடு. நானே பெட்டியோட கொண்டாந்து விடுறேன்."

அந்தக் காகிதத்துக்கு இன்னும் பாக்கி ஒரே ஒரு பரிசோதனை. திங்கட்கிழமை காலை.

எங்கள் வீட்டில் பரிசோதனை என்றால் காப்பாளர் எதிரில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் கடிகாரக்கா. முகத்துக்கு நேரே அக்கா மட்டும். அவரும் ஒரு காலத்தில் எங்கள் கேஸ்தான், விட்டுப் பதினோரு வருடம் ஆகிறது. கழிப்பறைக் கதவைத் திறந்து வைத்து, பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து, மணிக்கட்டைப் பார்ப்பார். மூன்று மணி நேரம் அவகாசம். அதற்குள் கோப்பையின் கோடு வரை வராவிட்டால் மறுத்ததாக எழுதிவிடுவார்கள்.

முன்பெல்லாம் கதவைச் சாத்திக்கொள்ள விட்டார்கள். அதைக் கெடுத்தவள் நான்தான். முதல் தடவை இந்த வீட்டில் இருந்தபோது, சுத்தமாக இருந்த ஒருத்தியின் சிறுநீரை ஷாம்பு பாட்டிலில் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனேன். கடிகாரக்கா நம்பிக் கையெழுத்துப் போட்டார். மூன்றாம் நாள் நான் குளியலறையில் மயங்கிக் கிடந்தபோது எல்லாம் வெளியே வந்தது. என்னை வீட்டைவிட்டு அனுப்பினார்கள். அவரிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். ஒரு வருடம் கழித்து நான் திரும்பி வந்து நின்றபோது கதவைத் திறந்ததும் அவர்தான். அன்றிலிருந்து மற்ற ஒன்பது பேரும் காலையில் அந்த முக்காலிக்கு எதிரே என்னைத் திட்டிக்கொண்டுதான் உட்காருகிறார்கள்.

ஒவ்வொரு தடவையும் எனக்கு இரண்டேமுக்கால் மணி நேரம் பிடிக்கும். கடைசித் தடவை, எந்த வம்பும் வேண்டாம் என்று, திங்கட்கிழமை விடிந்ததுமே தண்ணீர் குடிக்க ஆரம்பித்தேன். ஒரு பாட்டில், இரண்டு பாட்டில், ஐந்து பாட்டில். நடந்தால் வயிறு குலுங்கியது. கடிகாரக்கா முக்காலியைச் சரியாகப் போடுவதற்குள் வந்துவிட்டது.

"இன்னிக்கு என்ன, எக்ஸ்பிரஸ் வண்டியா?" என்று அவரே சிரித்துவிட்டார். நான் மாடிக்குப் போய் மஞ்சள் போர்வையின் சுருக்கத்தைத் தடவிவிட்டு வந்தேன்.

செவ்வாய் மதியம் கூப்பிட்டனுப்பினார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"லேப்லேருந்து வந்திருக்கு. வெறும் தண்ணி மாதிரி இருக்காம். செல்லாதுன்னுட்டாங்க."

"தண்ணிதான்க்கா குடிச்சேன். சீக்கிரம் வரணுமேன்னு."

"மாத்திரை போட்டவங்கதான் அப்படிக் குடிப்பாங்க, மறைக்கறதுக்கு. குழுவுல அப்படித்தான் எடுத்துப்பாங்க. உனக்குத் தெரியாதா இது?"

தெரியும். கழிப்பறைக்கு எதிர்ச்சுவரில் ஒட்டியிருக்கும் விதிகளில் அது ஏழாவது. ஆறு மாதமாக வேறு எதையும் பார்க்க வழியில்லாமல் அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். பயம் வந்தால் படித்ததெல்லாம் எங்கே போய் ஒளிந்துகொள்கிறதோ தெரியவில்லை.

அன்றைக்கு இரவு சாப்பிட்டுவிட்டு அறைக்கு வந்தபோது எதிர்க்கட்டில்காரி தன் கைப்பையை எடுத்து மெதுவாகத் தலையணைக்கு அடியில் வைத்தாள். நான் பார்க்கவில்லை என்று நினைத்தாள். அவள்மேல் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

கடிகாரக்கா நாலைந்து இடங்களுக்குப் போன் போட்டுக் கெஞ்சி ஒரு வழி வாங்கினார். புதன்கிழமை காலை ஏழிலிருந்து பத்து மணிக்குள் மறுபரிசோதனை. உடனே முடிவு காட்டும் பட்டை வீட்டிலேயே உண்டு. அதில் அவர் கையெழுத்துப் போட்டு நேரே குழுவுக்குக் கொண்டுபோகலாம். குடிக்க ஒரு மணிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் மட்டும்.

ஏழு மணிக்கு உட்கார்ந்தேன். எட்டு ஆயிற்று. அடிவயிறு கல்லாக இறுகி வலித்தது. ஒரு சொட்டு இறங்கவில்லை. ஒன்பது ஆயிற்று. குழாயைத் திறந்துவிட்டுப் பார்த்தோம். கடிகாரக்கா சமையலறை எலியைப் பற்றிப் பேசினார். நான் அழுதேன். கண்ணில் மட்டும் தாராளமாக வந்தது.

"உன் பொண்ணு பத்தி ஏதாவது சொல்லு. மனசு கொஞ்சம் அந்தப் பக்கம் போகட்டும்," என்றார்.

"அவளுக்கும் இதே கூத்துதான்க்கா. ஸ்கூல்ல போகவே மாட்டா. சாயந்திரம் வரைக்கும் அடக்கிட்டு வருவா. போன சனிக்கிழமை என்னைப் பாக்க வந்தப்ப, பாத்ரூம் வாசல்ல நிறுத்திட்டு, 'வெளியே நில்லும்மா, பாக்காத, ஆனா போயிடாத'ன்னு சொல்றா. நான் முதுகைக் காட்டிட்டு நின்னேன். உடனே வந்துடுச்சு."

கடிகாரக்கா வெகு நேரம் மணிக்கட்டைப் பார்த்தார். ஒன்பது நாற்பது. பிறகு எழுந்தார். முக்காலியை வெளியே இழுத்துப் போட்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"நான் வெளியதான் இருக்கேன். பாக்கல. பாத்ததா எழுதிக்கிறேன். சீக்கிரம் ஆகட்டும்."

வந்துவிட்டது. கோட்டைத் தாண்டி வந்தது. பட்டையில் எல்லாக் கட்டமும் சுத்தம். நான் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவர் மேஜைக்குப் போய்ப் படிவத்தை நிரப்பினார். பெயர், தேதி, நேரம். கடைசி வரி, 'நான் கண்ணால் பார்த்தேன்.' அங்கே பேனா நின்றது.

"போடுங்கக்கா. மணி ஆகுது."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "முடியும்னு நினைச்சேன். என்னால முடியல."

"பட்டையைப் பாத்தீங்கல்ல? சுத்தம்தானே?"

"சுத்தம்தான். உன்னை நம்புறேன். ஆனா போன தடவையும் நம்பித்தான் போட்டேன். இந்த வீட்டுல பத்துப் பேர் பிள்ளைங்க என் கையெழுத்தை நம்பித்தான் திரும்பி வருதுங்க. நானே அதைப் பொய்யாக்கினா நாளைக்கு யாருக்கு எதை வெச்சுப் பேசுவேன்?"

காலில் விழுந்தேன். நிஜமாகவே விழுந்தேன், சிமெண்டுத் தரையில் நெற்றி பட. அவரும் என்னோடு தரையில் உட்கார்ந்து அழுதார். ஆனால் கையெழுத்துப் போடவில்லை. அவர் சொன்னது சரி. சரியாக இருந்ததால்தான் எனக்கு அவரைக் கொல்ல வேண்டும் போலிருந்தது. பத்து மணி வரை திரும்ப முயன்றோம். உள்ளே இருந்ததெல்லாம் போயிருந்தது.

குழுவில் மூன்று பேர். நல்லவிதமாகத்தான் பேசினார்கள். கடிகாரக்கா எழுந்து, அவள் சுத்தம், என் வேலையைப் பணயம் வைத்துச் சொல்கிறேன் என்றார்.

"நேர்ல பாத்தீங்களா?" என்று நடுவில் இருந்தவர் கேட்டார்.

"இல்ல. திரும்பி உக்காந்துட்டேன்."

பார்க்காத பரிசோதனை கணக்கில் வராது, திங்கட்கிழமையுடையது செல்லாது, அடுத்த கூட்டம் அடுத்த மாதம் பத்தாம் தேதி என்று எழுதினார்கள். அதுவரை குழந்தை மாமா வீட்டாரோடு இருக்கட்டும், பயணத்துக்குத் தடையில்லை. அண்ணி கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும் என் தோளைத் தொட்டாள். தட்டிவிட்டேன்.

இருபத்தெட்டாம் தேதி பார்வையாளர் சீட்டு வாங்கிக்கொண்டு விமான நிலையத்துக்குள் போனேன். அண்ணன் பெட்டிகளைப் போட்டுவிட்டு வரிசையில் நின்றிருந்தார். மகள் அண்ணியின் கையை உதறிவிட்டு என்னிடம் வந்தாள்.

"பாத்ரூம் வருதும்மா. அத்தை வேணாம். நீ வா."

கடைசியில் இருந்த கழிப்பறைக்கு அழைத்துப் போனேன். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போடாமல் கதவை மட்டும் சாத்திக்கொண்டாள். நான் முதுகைக் காட்டி நின்றேன்.

"பாக்காத."

"பாக்கல கண்ணு."

அண்ணி வாசலில் வந்து நின்றாள். "உள்ள கூப்பிட்டுட்டாங்க. இன்னும் அஞ்சு நிமிஷம்தான் இருக்கு," என்றாள் சின்னக் குரலில். கண் சிவந்திருந்தது.

"அம்மா, போயிட்டியா?"

"இல்ல. இங்கதான் நிக்கிறேன். ஒண்ணும் அவசரமில்ல, மெதுவா போ."

வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். அந்த முக்காலிக்கு எதிரே வர வேண்டுமென்று எவ்வளவு வேண்டினேனோ, அவ்வளவும் அவளுக்கு வரக்கூடாது என்று வேண்டினேன். என்னைப் போலவே இரண்டேமுக்கால் மணி நேரம் ஆகட்டும், விமானம் தன்பாட்டுக்குப் போகட்டும்.

உள்ளே தண்ணீர் இழுத்துவிடும் சத்தம் கேட்டது.