பழுப்பு நுரை

ஆஸ்பத்திரிக் கட்டிலின் தலைமாட்டை உயர்த்தத் தம்பி பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தான். அக்கா போதும் என்று கையைக் காட்டினாள். காதிலிருந்து போனை இறக்கவில்லை.

"நுரை என்ன நிறம்? இன்னும் வெள்ளைதானா? அப்போ கிருமி பிழைக்கலை. தொட்டிக்குப் போற காத்தைக் குறைச்சிடாத."

"உனக்கே மூச்சு வாங்குது. இதுல சாக்கடைக்கு வேற மூச்சு குடுக்கணுமா?" என்றான் தம்பி.

அக்கா சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

ஊரின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு இருபத்திரண்டு வருடமாக அவள்தான் பொறுப்பு. தம்பி மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தான். யாராவது கேட்டால், "அக்கா நகராட்சியில இருக்காங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வான். ஒருநாளும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

ஆறு நாளுக்கு முன்னால் யாரோ ஒரு லாரி நிறைய அமிலக் கழிவைச் சாக்கடையில் ஊற்றிவிட்டார்கள். ஊர் அழுக்கைத் தின்று தண்ணீரைத் தெளிய வைக்கும் கிருமிகள் ஒரு தொட்டியில் அடியோடு செத்துப்போயின. அக்கா மதகை மூடி இரண்டாவது தொட்டியைக் காப்பாற்றினாள். மீதி விஷத் தண்ணீரை, மழைக்காலத்துக்கென்று காலியாக வைத்திருந்த தொட்டிக்குத் திருப்பினாள். பக்கத்து ஊர் நிலையத்தில் கெஞ்சிக் கூத்தாடி, கிருமி உயிரோடு இருக்கும் கசடை டேங்கரில் வரவழைத்துச் செத்த தொட்டியில் விட்டாள். நெஞ்சு வலித்தது என்பதை யாரிடமும் சொல்லவில்லை. இரண்டாம் நாள் அங்கேயே சுருண்டு விழுந்தாள்.

"வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன?" இதைத் தம்பி எத்தனையாவது தடவையாகக் கேட்கிறானோ.

"கீழ ரெண்டு ஊரு அந்த ஆத்துத் தண்ணியைத்தான்டா குடிக்குது. ஒத்தைத் தொட்டி எத்தனை நாள் தாங்கும்?" என்றவள், சற்றுப் பொறுத்து, "கொஞ்சம் சாய்ச்சு விடு. முதுகு வலிக்குது" என்றாள்.

அவன் குனிந்து பிடியைச் சுற்றினான். நிமிர்ந்தபோது அவள் தலை ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. ஓடிவந்த நர்ஸ் வெகுநேரம் நாடி பார்த்தாள். பிறகு போர்வையைச் சரிசெய்தாள்.

போன் அடித்தது. நிலையத்து ஆபரேட்டர். எல்லாரும் அவரை வால்வு என்றுதான் கூப்பிடுவார்கள்.

"மேடம்! ஓரத்துல பழுப்பா நுரை கட்டுது மேடம்! பிழைச்சிடுச்சு!"

"நான் தம்பி பேசறேன்," என்றான். "அக்கா போயிட்டா."

அந்தப் பக்கம் காற்று ஊதும் இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது.

"சார்... ஷிஃப்டுல நாங்க ரெண்டு பேர்தான். விட்டுட்டு ஓடிவர முடியாது. தப்பா எடுத்துக்காதீங்க."

மறுநாள் வீட்டுக்கு நிலையத்து ஆட்கள் மூன்று மூன்று பேராக வந்தார்கள். வந்தவர்கள் போய்த்தான் அடுத்த மூவர் வந்தார்கள். கழுவிய ரப்பர் பூட்ஸைச் சுவரோரம் கழற்றி வைத்துவிட்டு, ஓசைப்படாமல் உள்ளே போய் நின்றார்கள். ஒருவர் மட்டும் வாய்விட்டு அழுதார். "ராத்திரி பகல்னு பார்க்காம எங்களைத் திட்டுவாங்க சார். இனிமே யாரு திட்டுவா?"

அடக்கம் முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு, தம்பி வால்வின் பைக்கில் ஏறி உட்கார்ந்தான். "அந்த இடத்தை ஒருதடவை பார்க்கணும்."

மூக்கைப் பொத்திக்கொள்ளத் தயாராகத்தான் போனான். வாசலருகே, குப்பையை வடிகட்டும் கம்பித் தடுப்பில் மட்டும் நாற்றம் குடலைப் பிடுங்கியது. செத்துப் பிழைத்த தொட்டி, அடியிலிருந்து வரும் காற்றில் சோறு கொதிப்பதுபோல் கொதித்துக்கொண்டிருந்தது. அங்கே மழை பெய்த மண் வாசனைதான். வால்வு அதிலிருந்து ஒரு கண்ணாடிக் குடுவையில் தண்ணீர் மொண்டு திட்டின்மேல் வைத்தார். இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அரைமணி நேரத்தில் கசடு அடியில் படிந்து, மேலே தண்ணீர் தனியாகத் தெளிந்தது.

"இதுக்குத்தான் சார் மேடம் உசுரை விட்டாங்க," என்ற வால்வு, சொன்னது தப்போ என்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"சரியாத்தான் சொன்னீங்க," என்றான் தம்பி.

பின்பக்கப் படிகளில் இறங்கினார்கள். அகலமான குழாயிலிருந்து தெளிந்த தண்ணீர் ஆற்றில் விழுந்துகொண்டிருந்தது. விழும் இடத்தில் விரல் நீள மீன்கள் நீரோட்டத்தை எதிர்த்துக் கூட்டமாக நின்றன.

"இந்த ஒரு வாரமும் இங்கேயேதான் நின்னுச்சுங்க. ஒண்ணுகூட செத்து மிதக்கலை," என்றார் வால்வு.

தம்பி எட்டிப் பார்த்தான். அவன் நிழல் விழுந்ததும் மீன்கள் சிதறி ஓடின. இரண்டு படி பின்வாங்கி, அவை திரும்பி வரும்வரை அசையாமல் நின்றான்.