ஈர விறகும் நரம்பு வாசலும்

ஆடி மழையில் ஏலப்பாறைத் தேயிலை எஸ்டேட்டில் விறகு காய வேண்டுமென்றால் ஆண்டவரே இறங்கி வந்து விசிறினால்தான் உண்டு. அந்த நேரம் பார்த்துத்தான் ஞானஜோதியைப் பெண் பார்க்கச் சித்தூரிலிருந்து வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை சூசையப்பன் அங்கே அரசுக் கல்லூரியில் விலங்கியல் வாத்தியார். அந்தப் படிப்பை நினைத்தே அவளுக்குப் பாதி நடுக்கம்.

அடுக்களையில் அடுப்பு புகைந்ததே தவிர எரியவில்லை. காபி தாமதமானால் மானம் போகுமே என்று ஊதுகுழலை எடுத்தவள், ஊதினாள், ஊதினாள், பால் பொங்கும்வரை விடாமல் ஊதினாள்.

தட்டைத் தூக்கும்போதே உதடு மரத்துப்போயிருந்தது. முன்னறைக்கு வந்ததும் விரல்கள் குவிந்து விறைத்துக்கொண்டன. சோற்றுருண்டையை வாயில் வைக்கப் போகிற கை மாதிரி. தட்டு விழுந்தது. காபி மொத்தமும் மாப்பிள்ளையின் வேட்டியில்.

மாப்பிள்ளையின் தாய் செபமாலையம்மாள் எழுந்துவிட்டார். "ஏனுங்க, புள்ளைக்கு வலிப்பு இருக்கறதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே."

"சத்தியமா இல்லம்மா. ஒரு நாளும் இப்படி வந்ததில்ல," என்றார் அவள் அப்பா மிக்கேல்ராஜ்.

ஞானஜோதிக்கு உயிரே போய்விட்டது. வலிப்புக்காரி என்ற பேர் இந்த வாசலைத் தாண்டினால் எஸ்டேட் முழுக்கப் பரவிவிடும். அப்புறம் எந்த மாப்பிள்ளையும் இந்த மேட்டில் ஏற மாட்டான்.

சூசையப்பன் வேட்டியைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. தாங்கள் வாங்கி வந்த மிக்சரைத் தட்டில் கவிழ்த்துவிட்டு, காலிக் காகிதப் பையை அவள் வாயருகே பிடித்தார். "இதுக்குள்ளயே மெதுவா மூச்சு விடுங்க."

சற்று நேரத்தில் விரல்கள் ஒவ்வொன்றாய் இளகின.

"வலிப்பு இல்லீங்கம்மா. நரம்புல சின்னச் சின்ன வாசல் இருக்குதுங்க. சோடியம் அயனி அதுக்குள்ள பூந்தாத்தான் நரம்பு வேலை செய்யும். வாசல் கண்டபடி தொறக்காம கால்சியம் அயனி காவல் நிக்குது. விடாம ஊதுனா கரியமில வாயு வெளிய போயிருது. ரத்தத்துல அமிலத்தன்மை கொறைஞ்சு, அங்க இருக்கற கால்சியம் புரதத்துல போய் ஒட்டிக்குது. காவல் கொறைஞ்சா வாசல் தானாத் தொறந்து, கை இழுத்துக்குது."

"நானும் அடுப்பு ஊதுனவதான். எனக்கு இழுக்கலையே?" என்றார் செபமாலையம்மாள்.

"நீங்க நிறுத்தி நிறுத்தி ஊதுவீங்க."

"புள்ளையைப் புடிச்சுப்போச்சுன்னு நேரா சொல்லு. வாசல், காவல்னு சுத்தி வளைக்காதே."

சூசையப்பனின் காது சிவந்தது. விறுவிறுவென்று அடுக்களைக்குள் போனார்; ஊதுகுழலை எடுத்தார்; சாம்பல் பறந்து தலையெல்லாம் படிய ஊதித் தள்ளினார். வாத்தியாருக்கு இவ்வளவு ரோஷமா என்று ஞானஜோதிக்குச் சிரிப்பு முட்டியது. ஒருவழியாக அவர் நிமிர்ந்து முன்னறைக்குத் திரும்பியபோது அவர் விரல்களும் அவளுடையவை போலவே குவிந்து விறைத்திருந்தன.

"பாருங்கம்மா," என்று பெருமையாகக் கையை நீட்டினார்.

செபமாலையம்மாளின் முகம் வெளுத்தது. மகனை விட்டுவிட்டு மிக்கேல்ராஜைத்தான் பார்த்தார். "அண்ணா, என்ற பையனுக்கு வலிப்புன்னு வெளிய சொல்லீராதீங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது.

ஞானஜோதி காகிதப் பையை எடுத்து மாப்பிள்ளையின் வாயருகே பிடித்தாள். "மெதுவா மூச்சு விடுங்க," என்றாள்.

செபமாலையம்மாள் கீழே கிடந்த காபித் தட்டைத் தானே குனிந்து எடுத்தார்.

"எங்க ஊட்டுல மண்ணெண்ணெய் ஸ்டவ் இருக்குது, அம்மிணி. நீ ஊத வேண்டியதில்லை," என்றார்.