உப்புத் தின்ற கூரை

வீடு வாங்குகிறவர்களுக்காக வீட்டைச் சோதித்துக் குறை சொல்வது என் தொழில். நுரைச்சோலையில் முபாரிஸ் வாங்கவிருந்த வீட்டை நான்தான் பார்த்தேன். கழுவாத கடல் மணலில் கொங்கிரீட் கூரை போட்டிருந்தார்கள். உள்ளே கம்பியை உப்புத் தின்றிருந்தது. சுத்தியலால் தட்டினால் வெறும் தகரப் பேணி மாதிரிச் சத்தம். "இது ஆள் இருக்கிற வீடில்லை" என்று முபாரிஸிடம் சொன்னேன். அவர் வாங்கவில்லை. வீட்டுக்காரரிடமும் முகத்துக்கு நேரே சொன்னேன். "ஒங்கட வேலையப் பாருங்க" என்று என்னைத் துரத்திவிட்டார்.

நேற்று அந்த வழியால் போனபோது முற்றத்தில் பிள்ளைகளின் உடுப்புக் காய்ந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சலாம் சொல்லி உள்ளே போய், வாடகைக்கு வந்திருந்த றிஸ்மினாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"தெரியும் நானா. நீங்க அப்பிடிச் சொன்னதாலதான் வீடு விலைப்படல்ல. அதாலதான் எங்களுக்குக் குறைஞ்ச வாடகைக்குக் கிடைச்ச. அல்லாஹ் ஒங்களுக்கு பறக்கத் செய்யணும்."

அறை நடுவில் இருந்த கதிரையில் உட்காரப் போனேன். அவள் பதறிப்போய் அதைச் சுவரோரம் இழுத்தாள்.

"நடுவுல வேணாம் நானா, மேல இருந்து கொங்கிரீட் உதிரும். அங்க நாங்கதான் படுக்கிற."